மூன்றாம் ஓலை

நான்காக மடித்த தாள் என் கைக்குள் இருக்கிறது. பூசை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பங்குச்சாமி என்னைப் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் சக்ரீஸ்து அறைக்குள் கூப்பிட்டு, "டீச்சர், உபதேசியாருக்குக் காய்ச்சலாம். முதல் வாசகம் நீங்கதான, அப்படியே கடைசில அறிவிப்பையும் வாசிச்சிருங்க" என்று நீட்டினார். நானும் சரி சாமி என்று வாங்கிவிட்டேன். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம், ஆனால் கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. பதினோரு வருடமாக இந்தக் கோயிலில் வாசகம் வாசிக்கிறவளுக்கு வாங்காமல் இருக்கத் தெரியவில்லை. வாசகம் முடித்து இறங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். வாரத்துப் பூசைக் கருத்துகள், அன்பியக் கூட்டம், கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் பண்ண ஆள் வேண்டும், அதற்கும் கீழே திருமண ஓலை, மூன்றாம் முறை. மணமகன் இப்பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற மிக்கேல், ஞானப்பூ ஆகியோரின் மகன் அலோசியஸ். என் தம்பி. மணமகள் ரெக்ஸ்லின் மேரி, தென்காசிப் பக்கத்துப் பங்கு. கல்யாணத்துக்கு முந்தின மூன்று ஞாயிறும் இப்படிப் பெயர் சொல்லி வாசிப்பதுதான் வழக்கம். போன இரண்டு ஞாயிறும் உபதேசியார்தான் வாசித்தார், பாதியை மைக்கும் பாதியை அவரும் விழுங்கினார்கள், நான் தரையில் பதித்த கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே கடந்துவிட்டேன். இன்றைக்கு அது என் வாயில். பெயர்கள்கூடப் பரவாயில்லை, கடைசி வரிதான். இவர்களது திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அறிந்தவர்கள். இந்தக் கோயிலில் அறிந்தவர்கள் நான்கு பேர். அம்மா முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் பாக்கியநாதன் பின்வாசல் பக்கம் நிற்கிறார், எப்போதும் அங்கேதான் நிற்பார். அலோசி ஆண்கள் பக்கம் நாலாவது வரிசையில், தூணை ஒட்டி, வெள்ளைச் சட்டை. நாலாவது ஆள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாமி பிரசங்கத்தில் குடும்பத்தைப் பற்றித்தான் பேசுகிறார். இன்றைக்கென்று. வீடும் ஒரு கோயில்தான், அதற்குள்ளும் ஒரு பீடம் உண்டு, புருசனும் பெண்டாட்டியும் ஒருத்தருக்கொருத்தர் மறைக்காமல் பேசுகிற இடம்தான் அந்தப் பீடம் என்கிறார். மறைக்காமல் என்ற சொல் மைக்கில் விழுந்து சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அம்மா அசையவில்லை. அலோசியின் பின்கழுத்து இங்கிருந்து தெரிகிறது, முடி வெட்டியிருக்கிறான், கல்யாணத்துக்கு எட்டு நாள்தானே இருக்கிறது. அந்தக் கழுத்தைப் பார்த்தால் எனக்குக் கல்வெட்டாங்குழிதான் ஞாபகம் வரும். நாலு வருடம் ஆகிறது. சென்னையில் கம்பெனி வேலை, நல்லாத்தான் இருந்தான், திடீரென்று பையோடு வந்து நின்றான், லீவு என்றான். பத்து நாள் கழித்து பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டான். பால் திரிந்து, மீன் நாறி, அம்மா கத்தினாள். அது பேசிக்கிட்டே இருக்கு, என்னால முடியல என்றான். நாங்கள் சிரித்தோம். சிரித்தோம், நான்தான் முதலில் சிரித்தேன். அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஆளைக் காணோம் என்று தேடிக்கொண்டு போனேன். ஊருக்கு மேற்கே தண்ணீர் தேங்கிய பழைய கல்வெட்டாங்குழி, விளிம்பில் அவன் செருப்பு இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்திருந்தது, கோயில் வாசலில் கழற்றி வைப்பதுபோல. நான் போட்ட சத்தத்தில் ஆடு மேய்த்தவர்கள் இரண்டு பேர் ஓடி வந்து குதித்தார்கள். தூக்கிப் போட்டபோது அந்தக் கழுத்தில் பாசி ஒட்டியிருந்தது. தண்ணீரைக் கக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள சத்தமே இல்லக்கா." கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னோம். அந்தப் பொய்யைச் சொன்னதும் நான்தான், டீச்சர் சொன்னால் நம்புவார்கள் இல்லையா.

திருநெல்வேலி டாக்டர் நல்லவர். இது யார் செய்த பாவமும் இல்லை, பேயும் இல்லை, நோய், சர்க்கரை மாதிரி பிரஷர் மாதிரி, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வேலை பார்க்கலாம், கல்யாணமும் பண்ணலாம், ஆனால் கட்டுகிறவளுக்குத் தெரிய வேண்டும், மருந்து நின்றுவிடாமல் பார்க்க வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும் என்றார். மூன்று வருடம் என் தம்பி திரும்பி வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான், கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் செல்போன் எல்லாம் அவன்தான் பார்த்துக் கொடுப்பான். கொஞ்சம் குண்டாகிவிட்டான், கை லேசாக நடுங்கும், மத்தியானம் தூக்கம் வரும், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சை எடுத்தது அம்மா. சொல்லிட்டுச் செய்வோம்மா என்றேன். சொன்னா எவ வருவா என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, நான் அதை மறுபடி எடுக்கவே இல்லை, இரண்டு மாதமாக எடுக்கவில்லை, நேற்றுக் காலையில் அம்மா வீட்டில் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் மாத்திரை அட்டை அகப்படும்வரை எடுக்கவில்லை. முழு அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டு வாரம். அடுக்களையில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அட்டையை அவள் முன்னால் போட்டேன். பார்த்துவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "கல்யாணம் முடியட்டும், அதுக்கப்புறம் சாப்பிடுவான்."

"உனக்கு என்னம்மா ஆச்சு? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"அத்தனை பேரு முன்னால தாலி கட்டும்போது கை நடுங்குச்சின்னா? பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணு என்ன பொட்டையா? தூங்கிவழிஞ்ச மூஞ்சியோட நிப்பானா? ஏட்டி, மூணு வருஷமா ஒண்ணும் இல்ல. தியானத்துல தலையில கைவச்சு செபிச்சப்பவே சரியாயிட்டு. நீதான் சந்தேகப்படுத."

"அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நோயிலும் உடல்நலத்திலும்னு கையைப் பிடிச்சுச் சொல்லித்தான கெட்டுதாங்க. அது வெறும் பேச்சா? நான் உங்க அப்பாவை எட்டு வருஷம் படுக்கையில வச்சுப் பார்க்கலையா? அவளும் பாப்பா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அப்பா படுத்தது கல்யாணமாகி இருபது வருடம் கழித்து, நீ வாக்குக் கொடுக்கும்போது உன் கண்ணை யாரும் கட்டவில்லை அம்மா, இவளுக்கு நாம் கண்ணைக் கட்டிவிட்டு வாக்கு வாங்குகிறோம். இவ்வளவும் இப்போது, சாமி பிரசங்கத்தை முடித்து விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லாரும் எழுந்திருக்கும்போது, கோர்வையாக வருகிறது. நேற்று அடுக்களையில் வரவில்லை. கீரைக் காம்பைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்று காலை பூசைக்குக் கூட்டிக்கொண்டு வர அம்மா வீட்டுக்குப் போனேன். குடிக்கத் தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லை. குனிந்து பார்த்தேன். பிளக் தரையில் கிடந்தது. ஒயரைச் சுற்றி, அழகாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான்.

விசுவசிக்கிறேன், விசுவசிக்கிறேன் என்று வாய் பாட்டுக்குப் போகிறது. பிளக்கைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. அலோசியிடம் கேட்கவில்லை. அம்மாவும் அலோசியும் எங்கள் மகளும் முன்னால் நடந்துவிட்டார்கள். வரும் வழியில் என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன், பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவர் காதருகே. அவர் வண்டியை நிறுத்தவில்லை. "எட்டு நாள் இருக்கு, இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "சாமிட்ட கீமிட்ட போய் நின்னுறாத. நம்ம ஆஷ்லினுக்கும் நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்றார். எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது. அவர் கெட்டவர் இல்லை. அலோசியை ஆறு மாதம் அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தார், லீவு போட்டு, ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அந்த மனிதர் சொன்னதால்தான் எனக்கு இன்னும் பயம். அந்தக் குடும்பத்துல அது இருக்கு என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், அது ஆஷ்லின் பின்னாலேயே போகும், காலேஜுக்குப் போகும், பெண் பார்க்க வரும் வீட்டு வாசலுக்கு அவளுக்கு முன்னால் போய் நிற்கும். பேசாமல் இருந்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏமாறுவாள். அவளுக்கும் ஒரு அப்பா இருக்கிறார். பெண் பார்க்கப் போன அன்று ரெக்ஸ்லின் காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை, அப்படியே நின்றாள். "ஒண்ணு சொல்லணும். எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். சின்ன வயசுல சீழ் பிடிச்சது. அந்தப் பக்கம் நின்னு பேசினா சட்டுன்னு கேக்காது. பின்னால மறைச்சிட்டோம்னு வரக்கூடாதுல்லா, அதான்" என்றாள். அவள் அம்மா முகம் சுருங்கிவிட்டது. எங்கள் அம்மா எழுந்து போய் அவள் கன்னத்தைத் தடவி, இப்படி ஒரு உண்மையான பிள்ளையைத்தான் தேடினோம் என்றாள். நானும் தலையாட்டினேன். தலையாட்டியதுதான், வேறொன்றும் செய்யவில்லை. அப்புறம் கைகழுவப் போன இடத்தில் அவள் என்னிடம், "மதினி, நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். அவளது வலது பக்கம் நின்று, நன்றாகக் கேட்கும்படி, "இல்லம்மா" என்றேன்.

காணிக்கைப் பாட்டு முடிந்துவிட்டது. எல்லாரும் முழங்காலில் நிற்கிறோம், மணி அடிக்கிறது, சாமி அப்பத்தை உயர்த்துகிறார். என் கண் அங்கே போகாமல் தூணருகே போகிறது. அலோசியும் முழங்காலில்தான் நிற்கிறான். தலையைத் தூக்கவில்லை. மணிச் சத்தத்தில் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. ஏறினவா? எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? கல்யாண விசாரணைக்கு அவனைச் சாமியிடம் கூட்டிப்போன அன்று நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். தனித்தனியாகத்தான் கேட்பார்கள். யாரும் கட்டாயப்படுத்துகிறார்களா, வேறு பந்தம் உண்டா, உடலிலோ மனதிலோ மறைக்கும்படி நோய் ஏதும் உண்டா. வேதாகமத்தின்மேல் கை வைத்து இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வந்தான். வந்தவன் வெளியே குழாயடியில் நெடுநேரம் கையைக் கழுவினான். மை ஒட்டிட்டா என்று கேட்டேன். இல்லக்கா என்றான். அதை நான் எதற்கும் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருந்தேன். இப்போது சொன்னால் என்ன நடக்கும். கல்யாணம் நிற்கும். நின்றால் அவன் எங்கே போவான். மேற்கே போவான். செருப்பை ஜோடி சேர்த்து வைப்பான். ஆடு மேய்க்கிறவர்கள் தினமும் அங்கே இருப்பார்களா. அப்போது அவனைக் கொன்றது நான். சொல்லாவிட்டால்? ஒரு நாள் அவள் வீட்டில் பிரிட்ஜின் பிளக் தரையில் கிடக்கும், அவள் சிரிப்பாள், தெரியாதவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அதுவும் நான்தான். இந்தப் பக்கம் போனாலும் நான், அந்தப் பக்கம் போனாலும் நான். ஆண்டவரே, அந்த உபதேசியாருக்குக் காய்ச்சல் இன்றைக்கா வர வேண்டும். இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. வாசித்தால் போதும், எழுதியிருப்பதை வாசிப்பது மட்டும்தான் என் வேலை, தபால்காரன் கடிதத்துக்குப் பொறுப்பா. பூசை முடிந்ததும் அவனைத் தனியே கூப்பிட்டு மாத்திரையைக் கையில் கொடுத்து என் முன்னாலேயே விழுங்க வைப்பேன், எட்டு நாளும் காலையும் மாலையும் போய் நிற்பேன், கல்யாணத்துக்கப்புறம் ரெக்ஸ்லினிடம் மெதுவாக, பக்குவமாக. பக்குவமாக என்று நினைக்கும்போதே அது பொய் என்று தெரிகிறது. கல்யாணத்துக்கப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அவளே கண்டுபிடிப்பாள்.

சாமி கையால் அந்த அப்பத்தை, நன்மையை, வாங்க வரிசை கிளம்பிவிட்டது. எழுந்திருந்தேன், நடக்கவும் செய்தேன், முன்னால் மூன்று பேர் இருக்கும்போது கால் நின்றுவிட்டது. இந்த நாக்கில் வாங்கி, இதே நாக்கால் அதை வாசிப்பதா. பின்னால் வந்தவள் என் முதுகில் இடித்தாள். நான் வரிசையை விட்டு விலகிச் சுவரோரமாக என் இடத்துக்கு வந்துவிட்டேன். பெண்கள் பக்கம் நாலைந்து தலைகள் திரும்பின, வாசகம் வாசிக்கிற டீச்சர் நன்மை வாங்கவில்லை. அம்மா வாங்கிவிட்டுத் திரும்பி நடந்து வந்தவள் என்னைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். மூடிய கண்ணோடு இரண்டு எட்டு வைத்துத் தடுமாறி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கும் பயம்தான், இவ்வளவு நாளும் அது எனக்குத் தெரியவில்லை, பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். ஆண்கள் வரிசையில் அலோசி வருகிறான். கைகூப்பியிருக்கிறான். உதடு அசைகிறது. எல்லார் உதடும்தான் அசையும், செபம் சொல்வார்கள், ஆனால் அவன் உதடு அசைந்து, நின்று, கேட்டு, மறுபடி அசைகிறது. யாருக்கோ பதில் சொல்வதுபோல. சாமியின் முன்னால் வந்ததும் கையை நீட்டவில்லை. தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு ஒதுங்கிப் போய் உட்கார்ந்தான். சாமி ஒரு கணம் அவனையே பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். பாடகர் குழு கடைசி அடியை இரண்டாம் முறை பாடுகிறது. மூன்றாம் முறையும் பாடட்டும். பாடிக்கொண்டே இருக்கட்டும். நின்றுவிட்டது. சாமி அமர்ந்து என் பக்கம் தலையசைக்கிறார்.

படி மூன்று. மைக்கின் தலை எனக்கு உயரமாக இருக்கிறது, வளைக்கிறேன், கிறீச்சிடுகிறது. திங்கள் காலைப் பூசை இன்னாருக்காக, செவ்வாய் இன்னாருக்காக. என் குரல் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல வருகிறது. அன்பியக் கூட்டம் புதன் மாலை. கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் மண்வெட்டி கொண்டு வரவும். அடுத்த வரி. மூன்றாம் ஓலை. தம்பி பெயரை வாசிக்கிறேன், அப்பா பெயரை, அம்மா பெயரை, ரெக்ஸ்லின் பெயரை. யாரோ இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அக்காவே வாசிக்கிறாளே என்ற சந்தோஷம். இவர்களது திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள். வாசித்துவிட்டேன். கடமைப்பட்டிருக்கிறார்கள் வரை வாசித்துவிட்டேன். குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, இவ்வளவு எளிதா, இப்படித்தான் எல்லாரும் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கிறார்களா. தாளை மடிக்கிறேன்.

நாலாவது வரிசையில் வெள்ளைச் சட்டை எழுந்து நிற்கிறது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை, வெளியே போக எழுந்தான் என்று பக்கத்தில் இருந்தவர் காலை மடக்கி வழிவிட்டார். அவன் போகவில்லை. முன்பெஞ்சின் சாய்மானத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். "சாமி, எனக்குத் தெரியும்" என்றான். சத்தமாகக்கூட இல்லை. பின்னால் இளவட்டங்கள் யாரோ சிரித்தார்கள், மாப்பிள்ளை கேலி பண்ணுகிறான் என்று. "எனக்கு மனசுக்குச் சீக்கு இருக்கு சாமி. நாலு வருஷமா மாத்திரை. இப்ப ரெண்டு வாரமா சாப்பிடல. அவங்க வீட்ல நாங்க சொல்லல. உங்கட்டயும் பொய் சொன்னேன், வேதாகமத்துல கை வச்சு." சிரிப்பு நின்றது. கோயில் முழுக்க மின்விசிறிகளின் சத்தம் மட்டும். அம்மா ஏதோ ஒரு ஒலி எழுப்பினாள், அது வார்த்தை இல்லை. அவன் சாமியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். முகம் முழுக்க வியர்வை, குழந்தையில் இடி இடிக்கும்போது என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பானே அதே முகம். "அக்கா, இப்ப வாசிச்சது நீதானா? இல்ல எனக்கு மட்டும் கேட்டுச்சா?"

என் வாய்க்கு நேராக மைக் இருந்தது. "நான்தான் அலோசி. நான்தான் வாசிச்சேன். எல்லாருக்கும் கேட்டுச்சு" என்றேன். என் குரல் கோயில் முழுக்கப் போய், வெளியே மணிக்கூண்டு ஒலிபெருக்கி வழியாகத் தெருவுக்கும் போனது. அவன் தலையை ஆட்டினான். உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது ஒழுங்காக ஞாபகம் இல்லை. சாமி பூசை உடையோடேயே பீடத்திலிருந்து இறங்கிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார், தோளில் கை போட்டார். பிறகு எழுந்து அங்கே நின்றபடியே எல்லாரையும் ஆசீர்வதித்து அனுப்பினார். ஆனால் யாரும் போகவில்லை. பின்வாசலிலிருந்து பாக்கியநாதன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார், சாமிட்ட போய் நிற்காதே என்று சொன்ன அதே மனிதர், வந்து அலோசியைத் தூக்கி நிறுத்தி, "வா மாப்ள, டாக்டரைப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார், பஸ்ஸுக்குக் கூப்பிடுவதுபோல அவ்வளவு சாதாரணமாக. சக்ரீஸ்து வழியாக வெளியே கொண்டு வந்தோம். டாக்டருக்குப் போன் போட்டேன், ஞாயிற்றுக்கிழமையானாலும் உடனே கூட்டி வாருங்கள் என்றார். சாமி ஒரு கார் பிடித்துக் கொடுத்தார். ஏறும்போது அவரிடம், சாமி எனக்கும் தெரியும், நானும் சொல்லல என்றேன். "தெரியுது டீச்சர். முதல்ல போயிட்டு வாங்க" என்றார். அம்மா கோயிலை விட்டு வரவில்லை. ஆஷ்லின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, என் மகள் யாரையும் பார்க்கவில்லை.

கார் நான்குவழிச் சாலையில் ஏறுவதற்குள் செய்தி தென்காசிப் பக்கம் போய்விட்டது. போன் அடித்தது. ரெக்ஸ்லின். அடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அலோசி ஜன்னலோரம், கண்ணைத் திறந்தபடி. முன்சீட்டிலிருந்து பாக்கியநாதன் திரும்பி, "எடு" என்றார். எடுத்தேன்.

"அப்பா கல்யாணத்தை நிறுத்திட்டாங்க. மண்டபத்துக்கும் சொல்லியாச்சு" என்றாள். மதினி என்று சொல்லவில்லை. அழுது முடித்த குரல்.

"ம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு முன்னாடியே தெரியும்லா?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. அம்மா, ஆஷ்லின், கல்வெட்டாங்குழி, நான் சொல்லத்தான் நினைத்தேன் என்பது. "தெரியும்" என்றேன்.

"அவங்க பக்கத்துல இருந்தா போனைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அவள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, அவன் சொன்னது மட்டும் கேட்டது. ஆமா. நாலு வருஷம். சென்னையில இருக்கும்போது. இல்ல, கோவம் வராது, பயம்தான் வரும். இப்பவும் பயமாத்தான் இருக்கு. இல்ல, அம்மா சொன்னாலும் நிறுத்துனது நான்தான். தெரியல. அதுவும் தெரியல. டாக்டர் என்ன சொல்லுதாங்களோ அதை அப்படியே சொல்லுதேன். ஒவ்வொன்றையும் யோசித்து, தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"என்னலே சொன்னா?"

"கல்யாணம் பத்தி ஒண்ணும் சொல்லல. நாளைக்கு நானே பேசணுமாம்." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான். "உன்கிட்ட இனிமே பேசமாட்டாளாம்க்கா."

"சரி" என்றேன்.

கார் ஒரு லாரியைத் தாண்டியது. அவன் என் முழங்கையைப் பிடித்தான். "யாரோ என் பேரைச் சொல்லுதாங்கல்லா? இப்ப?"

காதைக் கொடுத்துக் கேட்டேன். இன்ஜின், காற்று, டிரைவர் மெதுவாக வைத்திருந்த பாட்டு. ஆமாம் என்றால் பயப்படுவான், இல்லை என்றாலும் பயப்படுவான். அவன் விரல்கள் என் கையில் பதிந்துகொண்டே இருந்தன.

"இல்லலே" என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"அப்ப அது நிஜம் இல்ல" என்றான். பிடியை விடவில்லை. நானும் விடவில்லை.